மண் ஒட்டாத சக்கரம்

வெல்டிங் அக்காவால் எதையும் மூடி வைத்திருக்க முடியாது. பழுதான மோட்டாரைக் கொண்டுபோய்க் கொடுத்தால், சரிசெய்து கையில் கொடுத்து அனுப்பிவிட மாட்டார். கொண்டுவந்தவரைப் பக்கத்தில் குத்தவைக்கச் சொல்லி, நாலு திருகையும் கழற்றி, தேய்ந்துபோன சாமானை எடுத்து அவர் உள்ளங்கையில் வைப்பார்.

"பாத்தியளா, இதுதான் போயிருக்கு. அடுத்த தடவ நீங்களே வாங்கி மாட்டிக்கிடலாம்."

அவர்களும் அப்படியே செய்தார்கள். அதற்குப் பிறகு பட்டறைப் பக்கம் வரமாட்டார்கள்.

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையில் நான் வேலை பார்க்கிறேன். பத்தாவது வரை படிப்பு. தமிழிலும் இங்கிலீஷிலும் தட்டச்சு செய்வேன். ஆனால் ஆட்களோடு பேச வராது. எத்தனை நகல் என்பதைக்கூட விரலைக் காட்டித்தான் கேட்பேன். எங்கள் கடைக்கு இரண்டு கடை தள்ளி அக்காவின் பட்டறை இருந்தது. புருஷன் உயிரோடு இருந்தபோதே அவரிடம் பற்றவைக்கப் படித்துக்கொண்டு, அவர் போன பிறகும் பட்டறையை அடைக்காமல் நடத்தியவர். அக்கா இப்போது எங்கள் ஊரில் இல்லை.

ஒருநாள் எங்கள் மிஷின் தாளை விழுங்கிக்கொண்டு நின்றுவிட்டது. நான் முதலாளிக்குத் தகவல் சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள், அக்கா அதன் பக்கக் கதவைத் திறந்து உருளையை வெளியே எடுத்து வைத்திருந்தார். நகல் எடுக்க வந்து நின்ற ஏழெட்டுப் பேருக்கு, தாள் எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருகிறது என்று பாடம் நடந்துகொண்டிருந்தது. முதலாளி ஓடி வந்து, "ஏக்கா, இது லட்ச ரூவா மிஷினு!" என்று கத்தினார்.

"லட்ச ரூவான்னா உள்ள பாக்கக் கூடாதா அண்ணாச்சி? உள்ளயும் இரும்புதான் கெடக்கு" என்றார் அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். மிஷினும் ஓடியது. முதலாளி மட்டும் அன்று முழுக்க அந்தக் கதவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடலைமிட்டாய் உருளை விஷயத்தில்தான் எனக்கு முதன்முதலாக அக்காவை நினைத்துப் பயம் வந்தது. பாகோடு கலந்த கடலையைப் பலகையில் பரத்தி, சூடு ஆறுவதற்குள் தகடுகள் கோத்த உருளையை உருட்டித் துண்டு போடுவார்கள். பெரிய துண்டுக்கு ஒரு உருளை, சின்னத் துண்டுக்கு வேறு ஒரு உருளை. ஒரு திருகைத் திருப்பினால் தகடுகள் விலகவும் நெருங்கவும் செய்கிற மாதிரி அக்கா ஒரே உருளையைச் செய்தார். செய்து முடித்த அன்றே ஒரு லேத் பட்டறைக்காரர் வந்து கேட்க, முழுவதையும் கழற்றிக் காட்டினார். அடுத்த பொங்கலுக்குள் அந்த ஆள் பெயர் பொறித்த உருளைகள் மிட்டாய்க் கம்பெனிகளில் உருண்டன.

"ஏங்க்கா காட்டுனீங்க?" என்று ஒருவழியாகக் கேட்டேன்.

"கேட்டாரு பிள்ள. மொகத்துக்கு நேரா நின்னு கேக்கும்போது எப்படி இல்லன்னு சொல்ல? போகட்டும், இன்னொண்ணு செஞ்சாப் போச்சு."

அப்போது அக்காவுக்குக் கண் நன்றாக இருந்தது.

கண்தான் முதலில் போகத் தொடங்கியது. திருநெல்வேலிக்குப் போய்க் காட்டிவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதைச் சொன்னார். பார்வை நடுவிலிருந்து அழிந்துகொண்டு வருகிறது, ஓரத்தில் மட்டும் தங்கும், இனி பற்றவைக்கிற வேலையே கூடாது. "கம்பியக் கொண்டுபோயி இணைப்புல வைக்கேன். வைக்கிற எடத்துல ஒரு கறுப்புப் பொட்டு வந்து நிக்கு. பொட்டச் சுத்தி எல்லாம் தெரியுது, பாக்க வேண்டியது மட்டும் தெரியல" என்றார். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கே போகலாமே என்றதற்கு, "அது ஒத்த ரூம்பு வீடு. நான் உள்ள படுத்தா மருமகன் வெளிய படுக்கணும். போயிருவேன், போகாம என்ன. ஆனா அதுக்கு முன்னால இத முடிச்சிரணும்" என்றார்.

'இது' என்றது களைவெட்டியை.

கரிசல் மண்ணைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். மழை பெய்த முதல் இரண்டு நாள் இந்த மண்ணில் கால் வைத்தால் செருப்பை உருவிக்கொள்ளும். வெயில் ஏறிவிட்டால் இறுகி, மண்வெட்டி பட்டால் தெறிக்கும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம்தான் பதம். அந்தப் பதத்துக்குள் ஊர் முழுக்கக் களை எடுத்தாகவேண்டும். எல்லா நிலத்துக்கும் ஒரே நேரத்தில் ஆள் தேவைப்படுவதால் யாருக்கும் ஆள் கிடைக்காது. அதனால் பதம் நிற்கும்போது கருவி கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்கிற பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. பேச்சுவார்த்தை இல்லாதவர் வந்து கேட்டாலும் கொடுப்பார்கள். வேலை முடிந்து கருவி திரும்பி வந்த பிறகு மறுபடி பேசாமல் இருந்துகொள்வார்கள்.

கடையில் விற்கிற சக்கரம் வைத்த களைவெட்டியை ஈரத்தில் இறக்கினால் நாலு எட்டில் சக்கரம் மண் உருண்டையாகிவிடும். அக்கா இடைசெவலில் பிறந்தவர். சின்ன வயதில் அம்மாவோடு குனிந்து குனிந்து களை எடுத்தவர். மூன்று வருஷம் இந்தச் சக்கரத்தோடு மல்லுக்கட்டினார். அந்த மூன்று வருஷமும் செய்து செய்து இரவல் கொடுத்தவையெல்லாம் மண் பிடித்து நின்று, கேலியோடு திரும்பி வந்தன. "ஏக்கா, ஒன் வண்டி நல்லா மண்ணு சொமக்கு. வீடு கட்டக் கேட்டா குடு" என்று ஒரு சம்சாரி சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பக்கம் விவசாயியைச் சம்சாரி என்போம்.

கடைசியில் சக்கரத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் புடைப்பும், அதை ஒட்டி ஒரு மெல்லிய எஃகுத் தகடும் வைத்தார். சக்கரம் ஒரு சுற்று வரும்போது புடைப்பு தகட்டைத் தூக்கும். தாண்டியதும் தகடு பட்டென்று அடித்து மண்ணைச் சுண்டிவிடும். அவ்வளவுதான். மண் புகாமல் இருக்க அதன் மேல் ஒரு தகர மூடி. மூடி இருந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. திறந்தால் பற்றவைக்கத் தெரிந்த எவனும் ஒரே பார்வையில் செய்துவிடுவான். இடைசெவலில் ஒரு காலையில் நானும் அக்காவும் மட்டும் போய் ஈரத்தில் ஓட்டிப் பார்த்தோம். நிலத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சக்கரம் நிற்கவில்லை. அக்கா வரப்பில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் ஒண்ணொண்ணா செஞ்சா வருசத்துக்கு இருவது வருமா? அதுவும் கண்ணு இருந்தா. ஒரு கம்பெனி எடுத்துச் செய்யணும் பிள்ள. ஒவ்வொண்ணுக்கும் எனக்குக் கொஞ்சம் தந்தாப் போதும். கண்ணு இல்லாம உக்காந்து சாப்பிடணும்லா."

அதற்கு முன்பே, தான் செய்த மற்றக் கருவிகளுக்காக, கம்பெனிகளுக்கு என்னை வைத்துக் கடிதம் எழுதிப் பார்த்திருந்தார். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஒரு கம்பெனி வாசலுக்கே போனார். வாட்ச்மேன் மிஷினை மட்டும் உள்ளே வைத்துவிட்டுப் போகச் சொன்னான். ஆளுக்கு அனுமதி இல்லை. திரும்பி வந்துவிட்டார். பிறகு வேளாண்மை அலுவலகத்தில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸைப் படித்துச் சொல்லச் சொன்னார். கோயம்புத்தூரில் நான்கு நாள் விவசாயக் கருவிக் கண்காட்சி. சொந்தமாகக் கருவி கண்டுபிடித்தவர்களுக்குத் தனி வரிசை, வாடகை கிடையாது. விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். இங்கிலீஷ் வாசிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டார். என் முதலாளியிடம் அவரே லீவு கேட்டார்.

களைவெட்டியோடு இரண்டு மூட்டைக் கரிசல் மண்ணையும் பஸ்ஸில் ஏற்றினோம். கண்டக்டர் மூட்டையை அமுக்கிப் பார்த்து, "மண்ணா? ஏன்மா, கோயம்புத்தூர்ல மண்ணு இல்லியா?" என்றார்.

"இருக்கு தம்பி. அது நல்ல மண்ணு. அதுல எல்லாருக்க மிஷினும் ஓடிரும்."

கண்காட்சியில் தரை முழுக்கச் சிவப்புக் கம்பளம். சுற்றிலும் பளபளவென்று டிராக்டர்களும் தெளிப்பான்களும் நின்றன. நாங்கள் ஒரு தகரத் தட்டில் மண்ணைக் கொட்டித் தண்ணீர் விட்டுப் பிசைந்தோம். அதில் முதலில் கடையில் வாங்கிய களைவெட்டியைத் தள்ளி நிற்க வைத்து, பிறகு அக்காவுடையதைத் தள்ளவேண்டும். முதல் ஆள் வந்து பார்த்து, "ஏங்க ஒட்டல?" என்று கேட்டதுதான் தாமதம், அக்கா குறடை எடுத்துக்கொண்டு மூடிக்குக் குனிந்துவிட்டார்.

"ஏனுங்க்கா! கொஞ்சம் இருங்க!" என்று பக்கத்து மேசைக்காரர் ஓடி வந்தார். பொள்ளாச்சிக்காரர், தேங்காய் உரிக்கும் கருவி செய்து கொண்டுவந்திருந்தவர். வந்த ஆளைச் சமாளித்து அனுப்பிவிட்டு, "மனுப் போட்டாச்சுங்களா?" என்றார்.

"என்ன மனு?"

"காப்புரிமை மனுங்க. இது உங்க யோசனைன்னு சர்க்கார்ல பதியறது. போடலைன்னா அந்த மூடிய யாருக்கும் திறக்காதீங்க. வெளிய ஓடறத ஊருக்கே காட்டுங்க. உள்ள இருக்கறதக் காட்டிட்டீங்கன்னா அப்புறம் அது உங்களுது இல்லீங்க."

அந்த மனிதர் முன்பு ஒரு கருவியைக் கம்பெனிக்குக் கொடுத்து, இன்றும் பங்கு வாங்குபவர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு எல்லாம் சொல்லித் தந்தார். "நீங்க மெசின் விக்க வரலீங்க. செய்யற உரிமையக் குடுக்க வந்திருக்கீங்க. இவங்க கம்பெனி வாசல்ல போயி நின்னா உள்ள விடுவாங்களா? இங்க பாருங்க, அதே ஆளுக உங்க மேசைக்கு நடந்து வர்றாங்க. போட்டிக் கம்பெனி மெசினையும் இங்கயே பாத்துக்கறாங்க. முதல்ல வந்தவருக்கே தலையாட்டிராதீங்க. எல்லார்கிட்டயும் கார்டு வாங்குங்க." என்னைப் பார்த்து, "அம்மிணி, கார்டுக்குப் பின்னால அவங்க என்ன கேட்டாங்கன்னு எழுதி வைங்க. நாலு நாள் கழிச்சு ஒரு மூஞ்சியும் ஞாபகம் இருக்காது" என்றார். பேசவேண்டிய அவசியம் இல்லாத வேலை. எனக்குப் பிடித்திருந்தது. சாயங்காலத்துக்குள் பதினான்கு கார்டு சேர்ந்தது. வருஷக் கணக்கில் நான் தட்டிய கடிதங்களால் நடக்காதது ஒரே பகலில் நடந்தது.

அந்தப் பதினான்கில் ஒன்று ஒரு பெரிய கம்பெனி மேனேஜருடையது. அவர் ஷூவைக் கழற்றிவிட்டு, பேன்ட்டை மடித்துக்கொண்டு, தானே தட்டில் இறங்கித் தள்ளிப் பார்த்தார். போய் இரண்டு இன்ஜினியர்களைக் கூட்டி வந்தார். அவர்களும் தள்ளினார்கள்.

"எங்க களைவெட்டி கர்நூல் கரிசல்ல மழைக்காலத்துல திரும்பி வந்துருதும்மா. மண்ணு ஒட்டுதுன்னு. உள்ள என்ன வச்சிருக்கீங்க?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் விரல் வலித்தது. "மனுப் போடாமத் தெறக்கக் கூடாதாம் சார்" என்றார்.

மேனேஜர் சிரித்தார். "கரெக்ட். திறக்காதீங்க. நாளைக்கு நாலு மணிக்கு எங்க வக்கீலோட வர்றேன். மனுவை உங்க பேர்லயே நாங்க போட வைக்கிறோம். உரிமம் எங்களுக்கு. ஒவ்வொரு மிஷினுக்கும் உங்களுக்கு இவ்வளவுன்னு எழுதிக்கலாம். ஒண்ணே ஒண்ணு, இதுவரைக்கும் உள்பக்கத்த வெளியாட்கள் யாருக்கும் காட்டலைன்னு நீங்க கையெழுத்துப் போடணும். அதை வச்சுத்தான் எல்லாமே."

"எத்தன மிஷினு செய்வீங்க சார்?"

"ஓடுச்சுன்னா ஆயிரக்கணக்குல."

தங்கிய இடத்தில் அக்கா சாப்பிடவில்லை. "ஆயிரமாம் பிள்ள" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் காலையில் மூடியைச் சுற்றிக் கட்டுக்கம்பியால் நாலு சுற்றுச் சுற்றி முறுக்கினார். குறடை என்னிடம் கொடுத்து, "நான் கேட்டாலும் தராத" என்றார். அந்தக் காலைப்பொழுது முழுக்க அக்காவைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. யாராவது 'உள்ளே என்ன?' என்று கேட்டால் உடம்பு கூனிப்போனது. "மூடி மாட்டிக்கிட்டு, வரல" என்று பொய் சொல்லிவிட்டு, அவர்கள் போனதும் தண்ணீர் குடித்தார். ஒருவர் "நான் வேணா தெறந்து தாரேன்" என்று கை வைத்தபோது, மேசைக்கு வெளியே எழுந்து போய் நின்றுகொண்டார். பன்னிரண்டு மணிக்குள் மூன்று பாட்டில் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

இரண்டு மணி இருக்கும். பொள்ளாச்சிக்காரர் சாப்பிடப் போயிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவரும், சட்டையில் பொறி பட்ட ஓட்டைகளோடு இன்னொருவரும் வந்து நின்றார்கள். தட்டில் கிடந்த மண்ணைப் பார்த்ததும் வேட்டிக்காரர் ஒரு கட்டியை எடுத்து விரலில் நசுக்கி, "ஏ, இது நம்ம மண்ணுல்லா!" என்றார்.

"எந்த ஊரு அண்ணாச்சி?" அக்காவின் குரலே மாறிவிட்டது.

"விளாத்திகுளத்துக்குக் கெழக்க. இவன் எம் மச்சினன், வெல்டிங் பட்டற வச்சிருக்கான். மிஷினு பாக்க வந்தோம்."

ஓட்டிக் காட்டினார் அக்கா. இரண்டு பேரும் உட்கார்ந்து சக்கரத்தையே பார்த்தார்கள்.

"யக்கா, இது உள்ள எப்படின்னு கொஞ்சம் காட்டுதீங்களா?"

"மூடி மாட்டிக்கிட்டு..." என்று ஆரம்பித்தார் அக்கா.

"முந்தாநா எங்கூர்ல மழ" என்றார் வேட்டிக்காரர். அக்காவை மடக்குவதற்காகச் சொன்ன மாதிரி இல்லை. சும்மா சொன்னார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினார். "எம்புட்டு?"

"ரெண்டு உழவு மழ."

"என்ன வெதச்சிருக்கிய?"

"ஆறு ஏக்கர் உளுந்து. களை மூடிட்டு வருது. ஆளு இல்ல. வீட்டுக்காரிக்கு இடுப்பு ஆப்பரேசன் பண்ணிருக்கு."

"முந்தாநா மழன்னா..." அக்கா விரலை மடக்கினார். "நாளக் கழிச்சுப் பதம்."

"ஆமாக்கா. ரெண்டு நாளு. விட்டா இறுகிரும். இத மாதிரி ஒண்ணு இருந்தா நாளைக்கே ஈரத்துலயே எறங்கிருவேன். வெலைக்குக் குடுத்தாலும் சரி."

விலைக்குக் கொடுக்க இருந்தது அந்த ஒன்றுதான். அதை நாலு மணிக்குக் காட்டியாகவேண்டும்.

அக்கா என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். குறடு என் மடியில் இருந்தது. சுவரில் மணி இரண்டு பத்து. நான் சொல்லவேண்டியிருந்தது ஒரே வார்த்தை. 'அக்கா, நாலு மணி' என்றால் போதும். வேற்று ஆட்கள் இரண்டு பேர் எதிரில் நிற்கிறார்கள். வார்த்தை வெளியே வரவில்லை. அக்காவின் கை நீட்டியபடியே இருந்தது. குறடைக் கொடுத்தேன்.

கம்பியை வெட்டி, மூடியைக் கழற்றி, தகட்டைத் தூக்கி விட்டுக் காட்டினார். காலையிலிருந்து இல்லாத உயிர் அந்த முகத்துக்கு அப்போதுதான் வந்தது. தண்ணீர் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, தகட்டின் அளவுக்கு வெட்டி மச்சினனிடம் கொடுத்தார். "எஃகு மெல்லுசா இருக்கணும் தம்பி. தடிச்சா சுண்டாது. இன்னைக்கே பஸ் ஏறிருங்க." மச்சினன் போனில் நாலைந்து படம் எடுத்தான். வேட்டிக்காரர் அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

சாப்பிட்டுவிட்டு வந்த பொள்ளாச்சிக்காரர் வெட்டிக் கிடந்த கம்பியைப் பார்த்தார். அக்காவே மெல்ல, "மழ பெஞ்சிட்டாம் தம்பி" என்றார்.

நாலு மணிக்குச் சொன்னபடி மேனேஜர் வக்கீலோடு வந்தார். தாளை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். 'உட்பகுதியை இதுவரை எவருக்கும் காட்டவில்லை' என்ற இடத்துக்கு வந்ததும் அக்கா என் கையை அமுக்கினார்.

"மத்தியானம் ரெண்டு பேருக்குக் காட்டிட்டேன் சார்."

"யாரு? கம்பெனி ஆளுங்களா?"

"இல்ல. சம்சாரி. அவருக்கு மச்சினனும்."

"போட்டோ எடுத்தாங்களா?" என்றார் வக்கீல்.

"எடுத்தாவ. அட்டையில அளவு வெட்டிக் குடுத்தேன்."

வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். மேனேஜருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. "ரெண்டு மணி நேரம்மா. இன்னும் ரெண்டு மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா? நாளைக்கு எவன் வேணா செய்வான். அதுக்கு நான் ஏன் உங்களுக்குப் பங்கு தரணும்னு எங்க முதலாளி கேட்பாரு. நான் என்ன சொல்ல?" என்றார். தாளை மடித்துக்கொண்டு நடந்தார்.

அக்கா அப்படியே நின்றார். பிறகு திடீரென்று அவர் பின்னால் ஓடினார். கம்பளத்தில் சேற்றுக்கால் பதிய, டிராக்டர்களுக்கு நடுவில் ஓடினார். "சார், சார், இன்னொண்ணு செஞ்சு தாரேன் சார்! இத விட நல்லா! கண்ணு இன்னும் கொஞ்ச நாளு இருக்கு சார்!" ஒருவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தி, மூச்சு வாங்க மறுபடி அதையே சொன்னார். பிடிபட்டவர் பயந்துபோய்க் கையை உதறிக்கொண்டார். அவர் மேனேஜர் இல்லை. உரம் வாங்க வந்திருந்த யாரோ. மேனேஜர் அதற்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அக்காவின் கண்ணில் அந்த ஆள் இருக்கவேண்டிய இடத்தில் பொட்டுதான் நின்றிருக்கும். நான் போய்க் கூட்டி வந்தேன்.

மிச்ச இரண்டு நாளும் உட்கார்ந்திருந்தோம். மிச்சப் பதின்மூன்று கார்டுகளையும் பொள்ளாச்சிக்காரர் தன் போனிலிருந்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தார். எல்லாரும் மனு எண்ணைத்தான் கேட்டார்கள்.

ஊருக்கு வந்து இரண்டு மாதத்தில் அக்கா பட்டறையை அடைத்துவிட்டார். பற்றவைத்த இணைப்புகள் விலகிக்கொண்டு திரும்பி வந்தன. ஒருநாள் எங்கள் கடைக்கு வந்து, கையால் தடவி ஸ்டூலைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்.

"அந்த மேனேஜருக்கு ஒரு லெட்டர் அடி பிள்ள. நான் யாருக்கும் காட்டலைன்னு எழுது. அன்னைக்குப் படபடப்புல, கண்ணு தெரியாத கோளாறுல, மாத்திச் சொல்லிட்டேன்னு எழுது."

நான் விசைப்பலகையில் கை வைக்கவில்லை.

"எழுதுட்டி" என்றார் அதட்டலாக. உடனே குரல் இறங்கியது. "மக வீட்டுக்குப் போக நாளு குறிச்சாச்சு. வெறுங்கையோட போகச் சொல்லுதியா?"

அடித்தேன். வாசிக்கச் சொன்னார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். "வாசிக்கும்போது பொய்யின்னு தெரியுதா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் அவர் விரலைப் பிடித்து வைத்தேன். கையெழுத்து வரியை விட்டு ஏறி, என் போன் நம்பர் மேல் போய் முடிந்தது. புதுத் தாளில் அடித்து மறுபடி போட வைத்தேன். அதற்குப் பிறகு தினமும் பதினொரு மணிக்கு வந்து உட்கார்ந்து, "போன் வந்துச்சா?" என்று கேட்பார்.

ஒன்பதாவது நாள், அவர் இருக்கும்போதே வந்தது. மேனேஜர்தான். கடிதத்தைப் பற்றி நேராக என்னிடமே கேட்டார். "நீங்க கூட இருந்தீங்கல்ல? நீங்க சொல்லுங்க. காட்டினாங்களா, இல்லையா?"

அக்கா ஸ்டூலில் முன்னால் நகர்ந்தார். இந்த முறை வார்த்தை வெளியே வந்தது. "காட்டல சார். நான் பக்கத்துலதான் இருந்தேன். காட்டவே இல்ல."

மேனேஜர் குரலை உயர்த்தவில்லை.

"அம்மா, போன வாரம் எங்க ஆளு உங்க பக்கத்துச் சந்தையில ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கான். என் மேசைக்குப் பக்கத்துல நிக்குது. அதே தகடு, அதே புடைப்பு. மூடிகூட இல்ல, திறந்தே விக்கிறாங்க. நல்லாத்தான் ஓடுது. இனி எழுதாதீங்கன்னு அவங்ககிட்ட சொல்லிருங்க."

போனை வைத்துவிட்டார்.

"என்ன சொல்லுதாரு? ஒத்துக்கிட்டாரா?" என்றார் அக்கா.

நான் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் என் முகத்தைப் பார்த்தே அவர் பதிலைத் தெரிந்துகொள்வார். அன்றும் கண்ணை இடுக்கி, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, ஓரப்பார்வைக்கு என்னைக் கொண்டுவரப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே தேடிவிட்டு விட்டுவிட்டார்.

"வாயத் தெறந்து சொல்லு பிள்ள. எனக்கு ஒன் மொகம் தெரியல."

சொன்னேன். அந்த நேரம் முதலாளி யாருக்கோ புத்தகம் ஒன்றை நகல் எடுத்துக்கொண்டிருந்தார். மிஷின் சத்தத்தில் அக்காவுக்குக் கேட்கவில்லை. என்னது, என்னது என்று காதைக் கொண்டுவந்தார். இன்னொரு தடவை, கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி, சத்தமாகச் சொன்னேன்.